குயில்ற் தைக்குமுன்: நாட்டுக்கு நாடு மாறும் சொற்கள்

அம்மாவின் பழைய சாறிகளைக் குயில்ற் போர்வையாக்க, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சகோதரங்கள் நாங்கள் சாமான் வாங்கினோம். சொற்கள்தான் பொருந்தவில்லை.

நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு: வட அமெரிக்காவில் 'பற்றிங்', பிரித்தானியாவில் 'வாடிங்'.

சாயமிடாத பருத்தித் துணி: வட அமெரிக்காவில் 'மஸ்லின்', பிரித்தானியாவில் 'கலிக்கோ'. கோழிக்கோட்டின் பெயரால் வந்த இந்தக் கலிக்கோவை அமெரிக்காவில் கேட்டால் சிறுபூப் போட்ட துணி வரும். இலண்டனில் மஸ்லின் என்றால் குழந்தைகளுக்குப் பாவிக்கும் மெல்லிய துணி.

'ஃபற் குவாட்டர்' என்ற துண்டு: அமெரிக்காவில் 18 × 22 அங்குலம், பிரித்தானியாவில் பெரும்பாலும் 50 × 55 சென்ரிமீற்றர். ஒரு பக்கத்தில் 4 சென்ரிமீற்றர் வித்தியாசம்.

வெட்டிய சாறி திரும்ப வராது. பெயரை நம்பாமல் அளவையும் படத்தையும் முதலில் அனுப்பிக்கொள்வோம்.