கீழிறங்கிய வடு

1899-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பெண்நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து தொங்கிய தோலையும் கொழுப்பையும் குறுக்காக வெட்டி எடுத்தார். நீளம் 90 செ.மீ., எடை 7450 கிராம். மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இந்த எண்களைத் தவறாமல் சொல்கிறார்கள். அப்பெண்ணுக்கு எஞ்சிய வடுவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்று அது பொருட்டாக இருந்திருக்காது. சுமையை இறக்குவதே நோக்கம். 1916-இல் பாப்காக் என்னும் அமெரிக்கர் நடுவயிற்றில் மேலிருந்து கீழாகவே வெட்டினார்.

வடுவைக் கீழே இறக்கியதில் மருத்துவத்துக்கு இணையான பங்கு தையற்கலைக்கும் உண்டு என்றே நினைக்கிறேன். 1946-இல் பாரீஸில் லூயி ரேயார் பிகினியை அறிமுகப்படுத்தினார். 1967-இல் ரியோ டி ஜெனீரோவின் இவோ பிட்டாங்கி, 300 பேருக்குச் செய்த அறுவைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய கீறல் அடிவயிற்றில், அந்தச் சிறு துணிக்குள் மறையும்படி ஓடியது. 1961 டிசம்பரில் நிதெரோயில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தீக்காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையளித்தவரும் இவரே. மறைக்கவே முடியாத தழும்புகளை அவர் அறிந்திருந்தார்.

மறைப்பது வேறு, மெலிதாக்குவது வேறு. 1861-இலேயே வியன்னாவின் கார்ல் லாங்கர், பிணங்களின் தோலை உருண்டை முனைகொண்ட ஊசியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை. இடத்துக்கு இடம் ஒரு திசையில் நீண்ட பிளவுகளாயின. தோல் எப்போதும் ஏதோவொரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. வயிற்றுத் தோலை வெட்டியபின் இறுக்கி இழுத்துத் தைத்தால், அந்த இழுவிசையே வடுவை அகலப்படுத்திவிடும். 1991-இல் டெட் லாக்வுட், தோலுக்கடியில் கொழுப்பினூடே செல்லும் படலத்தை விவரித்து, பாரத்தை அதில் ஏற்றித் தைக்க வேண்டும் என்றார். மேல்தோல் அப்போது தளர்ந்து சேரும். ஆயினும் இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் கோடு இருக்கவே செய்யும். அதன் சிவப்பு மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். கெலாய்ட் வளரும் இயல்புள்ள தோலில் எந்தத் தையலும் உறுதி தருவதில்லை.

1980-களில் நீச்சலுடையின் பக்கங்கள் இடுப்பெலும்புக்கு மேலே ஏறின. அறுவை மருத்துவர்களும் கீறலின் இரு முனைகளை மேல்நோக்கி வளைத்தனர். 1990-களின் இறுதியில் கால்சட்டைகள் இடுப்புக்குக் கீழே இறங்கியதும் புதிய கீறல்கள் தாழ்ந்து தட்டையாயின. முந்தைய பத்தாண்டில் அறுவை செய்துகொண்ட பெண்களின் வடு மட்டும் வளைந்த முனைகளோடு துணிக்கு மேலே நின்றுவிட்டது.