பூண்டுலோயாத் தோட்டத்துப் பற்கள் சொன்ன வரலாறு



வகுப்பில் பரம்பரை பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "சேர், எங்கட வாப்பாக்கு நாப்பது வயசிலேயே பல்லெல்லாம் ஆடி விழுந்துட்டு. மூத்தவாப்பாக்கும் அப்படித்தானாம். எனக்கும் விழுமா?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"எங்கட பரம்பரையே அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு பல்லைக் கவனிக்காமல் விடுகிற வீடுகள் எமது ஊரில் நிறைய உண்டு. அந்த மாணவனின் கேள்விக்கு விடை தேடித் தந்தவர்கள் நம் நாட்டு மலையகத் தொழிலாளர்கள் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

நோர்வே நாட்டுப் பல் வைத்தியர் ஹரல்ட் லோ 1965 இல் டென்மார்க்கில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். நல்ல முரசுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் துலக்கியதும் சுகமானது. ஆகவே முரசு வீங்குவதற்குக் காரணம் பல்லில் படியும் அழுக்குப் படலம் என்பது உறுதியானது. ஆனால் அந்த வீக்கம் எலும்பு வரை இறங்கி, எல்லோருடைய பல்லையும் விழுத்துமா?

அதை அறிய 1970 இல் லோவின் குழு பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. அவர்கள் பிரஷ் பாவித்ததில்லை, பல் சிகிச்சை எதுவும் கிடைத்ததில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கும் காறையும் ஒரேயளவாகப் படிந்திருந்தன. முரசு வீங்காதவர் இல்லை என்றே சொல்லலாம். பற்சூத்தையோ அநேகமாக இல்லை. ஆகவே விழுந்த பற்கள் முரசு நோயால் விழுந்தவையே.

15 ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 1986 இல் வெளியானது. ஏறத்தாழ 8 வீதமானோருக்கு நோய் மிக வேகமாகப் பரவியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்கள், 40 இல் 20 பற்கள், 45 இல் எல்லாமே போய்விட்டன. 81 வீதமானோருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மிகுதி 11 வீதமானோருக்கு முரசு வீங்கியதோடு சரி, பற்கள் விழவில்லை.

ஒரே தோட்டம், ஒரே அழுக்கு, ஆனால் மூன்று விதமான முடிவுகள். அப்படியென்றால் வித்தியாசம் அழுக்கில் மட்டுமல்ல, அதை எதிர்கொள்ளும் உடம்பிலும் இருக்கிறது.

அந்த வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு 117 சோடி இரட்டையர்களை ஒப்பிட்டது. நாட்பட்ட முரசு நோயில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் பாதியளவு பரம்பரையால் வருவதாக அது கணித்தது. இது ஒரேயொரு பரம்பரையலகின் வேலையல்ல. பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. அவை நம் உடம்பு கிருமியை எதிர்க்கும் விதத்தை மாற்றுகின்றன.

ஒரேயொரு பரம்பரையலகின் குறைபாட்டால் வரும் அரிய நோயும் உண்டு. 1924 இல் இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் அதை விவரித்தனர். 1999 இல் காரணமான பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பாற்பற்களே ஆடி விழும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறைபாடு வந்தால்தான் நோய் வரும். ஆகவே நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பிள்ளைக்கு இப்படி அறிகுறி தெரிந்தால் தாமதிக்கவேண்டாம்.

அந்த மாணவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "மகன், உங்கட வாப்பாட பல் விழுந்தது உங்களுக்கு எச்சரிக்கை, தீர்ப்பு இல்ல. பரம்பரை பாதி என்றால் மற்றப் பாதி இருக்குதே." மிஸ்வாக்கோ பிரஷோ, ஒழுங்காகத் துலக்கவேண்டும். சிகரெட்டும் புகையிலை போட்ட வெற்றிலையும் வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைக்கவேண்டும். முரசில் இரத்தம் கசிந்தால் பல் டொக்டரிடம் போய்க் காறையை எடுக்கவேண்டும். குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களே முதலில் போகவேண்டியவர்கள்.

அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காத பிரஷும் வைத்தியரும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. "பரம்பரை" என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டால், அவர்கள் பல்லை இழந்து சொல்லித்தந்த பாடத்தை நாம் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.