பெவிலியன் யாருக்கு?

கொட்டிவாக்கம் கடற்கரையில் சாயங்காலம் பையன்கள் பந்து ஆடுவார்கள். கரையில் இழுத்துப் போட்ட படகுதான் அங்கே கேலரி. யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். இதே கடற்கரை வடக்கே போய்ச் சேரும் சேப்பாக்கத்தில் கதை வேறு.

சேப்பாக்கம் மைதானம் அந்தக் காலத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. 1846-இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகத் தொடங்கிய கிளப் அது. உடை மாற்ற, சாப்பிட, நிழலில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க பெவிலியன் இருந்தது. இந்தியர்கள் களத்தில் இறங்கி ஆடலாம், பெவிலியனுக்குள் போகக் கூடாது. அவர்களுக்கு மரத்தடிதான். இந்த அவமானம் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார்.

கிரிக்கெட் வரலாறு இதைப் பெருமையாகச் சொல்கிறது. சொல்லட்டும். ஆனால் புச்சிபாபு வசதியான துபாஷி குடும்பத்துக்காரர். மரத்தடியில் உட்கார வைத்தால் தனி கிளப்பே தொடங்க அவரால் முடிந்தது. முடியாதவர்கள் என்ன செய்தார்கள்?

பூனாவுக்குப் போவோம். பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளம் பராமரித்தார். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசி வீசியே பெரும் சுழற்பந்து வீச்சாளரானார். வெள்ளையரை வெல்ல அவர் தேவை என்று பூனா இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் பெவிலியனுக்கு வெளியே நிற்க, மண் குவளையில் தேநீர் வந்தது. நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு இது அண்ணன். வெள்ளையன் இந்தியனை வெளியே நிறுத்திய அதே வாசலில், இந்தியன் தலித்தை நிறுத்தினான்.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்போதும் இந்து அணியின் கேப்டன் பதவியை அவருக்குக் கொடுக்கவில்லை. அது அவர் தம்பி விட்டலுக்குத்தான், 1923-இல், சண்டை போட்டபின் கிடைத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாலுவை ஒருகாலத்தில் பாராட்டியவர் அம்பேத்கர். 1937 பம்பாய்த் தேர்தலில் அதே அம்பேத்கருக்கு எதிராக காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. சுமார் 2,000 வாக்கில் பாலு தோற்றார். தேநீரை வெளியே வாங்கிக் குடித்தவரைத் தேர்தல் என்றதும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.