தென்மாவட்டச் சட்டக் கல்வியும் பளியர் வன உரிமையும்

தென்மாவட்டங்களில் சட்டக் கல்வி பரவிய வரலாறும், மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடியினரான பளியர்கள் காட்டின் மீதான உரிமையை இழந்து மீண்டும் சட்டத்தில் இடம்பெற்ற வரலாறும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அருகருகே நடந்தவை. நெடுங்காலம் இரண்டுக்கும் தொடர்பே இருக்கவில்லை.

1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின்படி, ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் அதில் பாத்தியதை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத உரிமை அற்றுப்போகும். கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் மலையில் இடம் மாறி வாழ்ந்த மக்களுக்கு அந்த அறிவிப்பு எட்டியிருக்க வாய்ப்பு குறைவு. ராஜபாளையத்தை அடுத்த சேத்தூர் போன்ற ஜமீன் காடுகள் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அரசின் வசமாயின. பட்டியல் பழங்குடியினராக 1950இல் பளியர்கள் அறிவிக்கப்பட்டாலும் காட்டின் மீது அவர்களுக்கு உரிமை எழுதப்படவில்லை. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் சாம்பல் நிற அணில் சரணாலயமாயின; 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. பளியர்கள் வாழும் செண்பகத்தோப்பும் அய்யனார் கோயில் பகுதியும் இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன.

சட்டக் கல்வி வேறு பாதையில் வளர்ந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கியது. அரசு சட்டக் கல்லூரி மதுரைக்கு 1974இலும் திருநெல்வேலிக்கு 1996இலும் வந்த பிறகே இவ்வட்டாரத்து ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டப் படிப்பு கைக்கெட்டியது. 2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது. செண்பகத்தோப்புப் பளியருக்கு மாவட்ட நீதிமன்றம் சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் வன உரிமை வழக்கைக் கற்றுத் தேர்ந்த வழக்கறிஞர் கிடைப்பது தூரத்தைப் பொறுத்த விஷயமல்ல.

ஒரு வட்டாரத்தின் மக்களை மனத்தில் வைத்தே சட்டப் பள்ளி அமைத்த முன்மாதிரிகள் உண்டு. ஹவாய் அரசுப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிச்சர்ட்சன் சட்டப் பள்ளி 1973இல் தொடங்கியது. பூர்வகுடி வழிவந்த தலைமை நீதிபதி ஒருவரின் பெயரைத் தாங்கியது. 2005இல் ஹவாய்ப் பூர்வகுடிச் சட்டத்துக்கென அங்கே தனி மையமும் உருவானது. இந்தியாவில் இந்தச் சிந்தனை சட்ட உதவி வழியாக வந்தது. வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான குழு 1973இல் அளித்த அறிக்கை, சட்ட மாணவர்களை ஏழைகளின் வழக்குகளில் ஈடுபடுத்தச் சொன்னது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பழங்குடியினருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி அளிக்கிறது. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் அமைக்கவும் வழி செய்கிறது.

இத்தகைய சட்ட உதவியின் தேவை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தால் கூடியது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. எனவே பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. பளியர்கள் காட்டு உரிமை கோர வன உரிமைச் சட்டமே முதன்மையான பிடி. அதுவும் தாமதமாகத்தான் கிடைத்தது. நீதிமன்ற அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, உச்ச நீதிமன்றம் 2016இல் விலக்கும்வரை நீடித்தது.

வன உரிமைச் சட்டத்தின் நுணுக்கங்களில் சட்ட மாணவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஒரு சான்றாகும் என்று அச்சட்ட விதிகளில் விதி 13 ஏற்கிறது. தேனடை தொங்கும் பாறை எது, எந்தக் குடும்பம் எந்தத் தடத்தில் போய் நன்னாரியும் கடுக்காயும் சேகரித்தது, இறந்தவர்களைப் புதைத்த இடம் எது என்று ஒரு முதியவர் சொல்வதைச் சரியாக எழுதி, இடத்தை வரைபடத்தில் குறித்துக் கிராம சபை முன் வைத்தால் மனு வலுப்பெறும். இதைவிட முக்கியமானது அச்சட்டத்தின் பிரிவு 3(1)(உ). வாழிட உரிமையை அது மிக நலிந்த பழங்குடிகளுக்கு மட்டுமன்றி, வேளாண்மைக்கு முந்தைய வாழ்முறை கொண்ட சமூகங்களுக்கும் தருகிறது. தமிழ்நாட்டின் மிக நலிந்த ஆறு பழங்குடிகளில் பளியர் இல்லை. ஆனாலும், மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களிலிருந்து ஆராய்ந்து எழுதிய அவர்களின் உணவு சேகரிப்பு வாழ்வு, இந்த இரண்டாம் வகைக்குப் பொருந்தும் என்று வாதிடலாம்.

புலிகள் காப்பக அறிவிப்பாலும் இந்த உரிமைகள் தாமாக அற்றுப்போவதில்லை. உரிமைகளை முதலில் அங்கீகரித்து முடிக்க வேண்டும். இடம்பெயர்த்தல் மக்களின் விருப்பத்தோடுதான் நடக்க வேண்டும் என்கின்றன வன உரிமைச் சட்டமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும். ஒடிசாவின் நியாம்கிரி மலைச் சுரங்க வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது.

இந்தியப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி செய்முறைத் தாள்கள் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் கட்டாயம். மதுரை, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிகள் அவற்றில் ஒன்றையேனும் செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பகுதியிலும் நடத்த வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.