எழுபதாயிரம் ரூபாய் சைக்கிளும் இலவச சைக்கிளும்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "உங்க பேட்ச்ல இருந்து இன்னும் ஒண்ணுமே வரலை, நீயாவது எழுதுடா" என்று கேட்டார்கள். இரண்டு வாரம் சாக்குச் சொல்லிக் கடத்தினேன். கவிதை எனக்கு வராது. பேராசிரியர்களைப் பற்றிய நகைச்சுவைகளை மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்குத் தெரிந்தது சக்கரமும் செயினும்தான். ஆகவே பல வருடங்களாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: விலை உயர்ந்த சைக்கிளை ஓட்டுவதில், மலிவு சைக்கிளில் கிடைக்காத சுகம் ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டவர் ஒரு மாணவர். போன வருடம் நமது துறையில் ஒரு கெஸ்ட் லெக்சருக்கு வந்திருந்தேன். முடிந்ததும் வழக்கம்போல் கேட்டுக்கு எதிரே டீக்கடை. கடைச் சுவரில் மூன்று சைக்கிள்கள் சாத்தியிருந்தன. உள்ளே இவ்வளவு பெரிய ஸ்டாண்ட் இருக்கும்போது இங்கே ஏன் என்று கேட்டேன். "உள்ள கொண்டு போனா பசங்க கிண்டல் பண்ணுவாங்கண்ணா. கவர்ன்மென்ட் சைக்கிள்னு பார்த்தாலே தெரியுதுல்ல" என்றார் அந்தத் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. இலவச சைக்கிள் திட்டம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தபோது பிளஸ் ஒன் படித்தவன் நான். அந்த சைக்கிளோடுதான் 2007-ல் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். வருவதற்கு முந்தின நாள் ஹார்டுவேர் கடையில் கறுப்பு எனாமல் வாங்கி இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுத்தான் வந்தேன். இதை ரூம்மேட்டிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அச்சில் வருகிறது.

வரலாற்றுக்கு வருவோம். சைக்கிள் பிறக்கும்போது ஏழைகளின் வாகனமாகப் பிறக்கவில்லை. முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தட்டு அளவு என்றிருந்த பழைய வண்டி, பணமும் துணிச்சலும் உள்ள இளைஞர்களின் விளையாட்டுப் பொருள். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய சம அளவாக்கி, பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். சுகமான சவாரி என்ற பேச்சு உண்மையில் அந்தக் காற்றிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் இருந்த வண்டிகளில் ஒன்றுக்கு 'எலும்பை உலுக்கி' என்றே பெயர்!

1890-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. கம்பெனிகள் பெருகின, பிறகு விலை சரிந்தது. அந்த நாளில் ஓஹியோ மாநிலம் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் செய்து விற்றார்கள். விலை கூடியதற்கு 'வான் கிளீவ்' என்று பெயர், குறைந்ததற்கு 'செயின்ட் கிளேர்'. கடைக்காரர்கள் பெயர் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். ஆகாய விமானத்துக்கான செலவு அந்தக் கடை வருமானத்தில்தான் நடந்தது.

நம் நாட்டுக்கு சைக்கிள் சீமைச் சரக்காகத்தான் வந்தது. 1949-ல் முருகப்பா குழுமத்தாரும் பிர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு: 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், தடித்த ஸ்டீல் குழாய், 20 கிலோவுக்குக் குறையாத எடை. இதைப் பார்த்து 'கட்டை வண்டி' என்று சிரிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பால் கேன் இரண்டு, அல்லது ஒரு மூட்டை நெல், அல்லது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் போவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அது. அந்த வேலைக்கு அது மோசமான டிசைன் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். எங்கள் அம்மாவும் அப்படிக் கற்றவர்தான். வாடகைக் கடை சைக்கிள், பாரில் சுற்றிய துண்டு, அதன்மேல் நான். எனக்கு அப்போது இரண்டு வயது, ஞாபகம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முதல் மாதத்தைப் பற்றி அம்மா பேசும்போது முகத்தில் வருகிற வெளிச்சத்தை, எந்த விலையுள்ள சைக்கிளை ஓட்டுகிறவர் முகத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை.

"அது சென்டிமென்ட், இன்ஜினியரிங் பேசுடா" என்பீர்கள். பேசுவோம்.

கிரேம் ஓப்ரீ என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். நடத்திய சைக்கிள் கடை நொடித்துப்போன மனிதர். தானே ஒரு சைக்கிள் கட்டினார், அதற்கு வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் என்ற உலக சாதனை அப்போது இத்தாலியின் மோசர் 1984-ல் ஓட்டிய 51.151 கிலோமீட்டர். 1993 ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமர் நகரில் ஓப்ரீ முயன்றார். அன்று ஓட்டியது அவருடைய வண்டியைப் பார்த்து நேர்த்தியாகச் செய்து கொடுக்கப்பட்ட வேறொரு சைக்கிள். தோற்றார். மறுநாளே தன் பழைய வண்டியில் ஏறி 51.596 ஓட்டிவிட்டார்! ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார் என்பது வேறு விஷயம்.

அதே போர்ட்மன் 1996-ல், கையை முன்னால் நீட்டிப் படுத்தாற்போல் ஓட்டும் நவீன வண்டியில் 56.375 கிலோமீட்டர் போனார். பிறகு விதியை மாற்றி, பழைய பாணி சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். 2000-ல் அவர் அப்படி ஓட்டியது 49.441. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972-ல் ஓட்டியதைவிட சரியாகப் பத்து மீட்டர் கூடுதல். ஆக, வண்டியும் உட்காரும் விதமும் வேகத்தைக் கூட்டும், சந்தேகமே இல்லை. ஆனால் நம்மில் யார் கல்லூரிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம்?

நம் வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆள் 65 கிலோ, வண்டி 20 கிலோ, மணிக்கு 18 கிலோமீட்டர், சமதளம். உருளும் எதிர்ப்புக் குணகம் 0.006 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 கிலோ வண்டிக்கு மாறினால் மிச்சமாகும் சக்தி சுமார் 3 வாட்தான். அதே பழைய வண்டியில் டயரில் காற்று இறங்கி எதிர்ப்பு இரண்டு மடங்கானால் நஷ்டம் 25 வாட். அதாவது அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவதைப்போல எட்டு மடங்கை, காற்றடிக்காத சோம்பேறித்தனத்தில் இழக்கிறோம். மேடு வந்தால் கதை வேறு. 100 மீட்டர் உயரம் ஏற, அந்தக் கூடுதல் 11 கிலோவுக்கு மட்டும் சுமார் 10,800 ஜூல் வேண்டும், 100 வாட் மிதிக்கிறவருக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஊட்டியில் வேலை கிடைத்தவர்கள் தாராளமாகச் செலவு செய்யலாம்.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவன் என்ன செய்தேன்? 2021-ல் எழுபத்திரண்டாயிரம் கொடுத்து ஒன்று வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் பத்து நாள் சொர்க்கம். தொட்டால் நிற்கும் டிஸ்க் பிரேக், நினைத்தால் மாறும் கியர், உயரத்துக்கு அளந்து வைத்த சீட். பதினோராம் நாள் முதல் மழையைப் பார்த்தால் பயம், கடை வாசலில் நிறுத்தப் பயம், கீறல் பயம். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிப்பா, கேரியர் எங்க?" என்றார்.

அதற்காக மலிவு எல்லாம் நல்லது என்று சொல்லவரவில்லை. மோட்டார் சைக்கிள் மாதிரி தெரியவேண்டுமென்று பெயருக்கு ஸ்பிரிங்கும் குண்டு டயரும் மாட்டி விற்கிறார்களே, அவற்றில் சில கட்டை வண்டியைவிட மோசம். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். ஒரு நியாயமான விலைக்குக் கீழே சுகம் குறையத்தான் செய்கிறது. நல்ல பிரேக், கோட்டமில்லாத ரிம், உடம்புக்குச் சரியான உயரம், இவை கிடைக்கிற விலைவரை பணத்துக்கு மதிப்பு உண்டு. அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பகுதி அடுத்தவர் பார்ப்பதற்காக. நான் எனாமல் அடித்ததும் அதற்காகத்தானே.

டீக்கடைத் தம்பியின் சைக்கிளைத் தூக்கி முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். நாலு சுற்றில் நின்றது. செயின் துருவேறி முறுக்கு மாதிரி இருந்தது. பக்கத்து சைக்கிள் கடையில் ஸ்பானர் கேட்டு வாங்கி, கோனை லேசாகத் தளர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு டயருக்கும் காற்றடித்தோம். அரை மணி நேர வேலை, முப்பது ரூபாய் செலவு, என் சட்டை காலி. ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "என்னண்ணா, சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது" என்றார். வண்டியை உள்ளே கொண்டு போனாரா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் 2011 பேட்ச் சார்பில் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு நல்ல பம்பும், ஒரு ஸ்பானர் செட்டும், ஒரு ஆயில் கேனும் வாங்கித் தருவதாக முடிவு செய்திருக்கிறோம். வாட்ச்மேன் அறையில் இருக்கும், கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆயில் கேனை மட்டும் தயவுசெய்து ஹாஸ்டல் ரூமுக்குத் தூக்கிப் போய்விடாதீர்கள். எங்கள் காலத்தில் அப்படி எத்தனை போயிற்று என்று எங்களுக்குத் தெரியும்.