மாறாத வட்டியும் மாறுற மழையும்

வன்னியில கடன் பற்றிக் கதைச்சா முதல்ல வாற கேள்வி, "வட்டி எத்தினை வீதம்?" அந்த வட்டி இடையில மாறுமா, எந்தத் தொகைக்குக் கணக்குப் போடுறாங்கள் எண்டு கேக்கிறது குறைவு. 2009க்குப் பிறகு எங்கட விவசாயக் குடும்பங்கள் பட்ட கடன்பாட்டில் பாதி இந்தக் கேட்காத கேள்விகளுக்குள்தான் கிடக்கு.

காலபோகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு. காசு வருவது பெப்ரவரி, மார்ச்சில் நெல்லு வெட்டின பிறகு. இடையில் உழவு, பசளை, மருந்து எல்லாம் கடன். இப்படியானவர்களுக்காக அரசு 1986இல் புதிய விரிவான கிராமியக் கடன் திட்டத்தைத் தொடங்கியது. வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்றது. நல்ல திட்டம்தான். ஆனால் வங்கி பிணையாள் கேட்கும்; பழைய பாக்கி இருந்தால் கடன் இல்லை. முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த சனம் பிணைக்கு யாரைக் கூட்டிப்போவது?

அந்த இடைவெளிக்குள் வந்ததுதான் நுண்கடன். பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும், வட்டியும் "நிலையானது". இதில்தான் பொறி. ஒரு இலட்சம் ரூபாவுக்கு 24 வீதம் எண்டு வைப்போம். ஒரு வருடத்தில் 1,24,000 கட்டவேண்டும், மாதம் 10,333. முதல் குறையக் குறைய வட்டி குறையாது. மிச்சக் கடனுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 42 வீதம்! அதோடு தவணை கிழமைக்குக் கிழமை; வயலோ போகத்துக்கு ஒருக்காத்தான் காசு தரும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குக் குறைந்த நிலுவைக் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் வெள்ளத்தில் போயின.

அப்ப மாறும் வட்டி நல்லதா? 2022ஐப் பாருங்கள். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்கே போடும் சராசரி வட்டி, 2021 முடிவில் ஏறத்தாழ 8.6 வீதம், 2022 முடிவில் 27 வீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த அளவிலேயே பார்த்தாலும், 10 இலட்சம் மிச்சக் கடனுக்கு வருட வட்டி 86,000இல் இருந்து 2,70,000க்கு மேல். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததால் விளைச்சல் விழுந்திருந்த நேரத்தில் இது. மறுபக்கம், அந்த உச்சத்தில் நிலையான வட்டிக்குக் கையெழுத்து வைத்தவர்கள், 2023இல் வட்டி இறங்கினபோதும் பழைய வீதத்திலேயே நின்றார்கள்.

ஆக, நிலையானதா மாறுவதா என்பது ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்வி. மழையையும் நெல் விலையையும் ஏற்கெனவே சுமக்கிற ஆளின் தலையில் கொழும்பில் தீர்மானிக்கிற வட்டியையும் ஏற்றுவது நியாயமில்லை. போகக் கடனுக்கு வட்டி நிலையாக இருக்கட்டும், மிச்சத் தொகைக்கு மட்டும் போடட்டும், தவணை அறுவடையோடு வரட்டும். அம்மாவோ மாமாவோ கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் போனால், கூடப் போய் இந்த மூன்றையும் கேளுங்கோ.