அல்காசர்

ஸ்பெயினின் செவில், செகோவியா, டொலேடோ நகரங்களில் மதில் சூழ்ந்த கோட்டை அரண்மனைக்கு ‘அல்காசர்’ என்று பெயர். ‘அல்’ அரபு மொழியின் சுட்டு. ‘கஸ்ர்’ என்றால் கோட்டை, அரண்மனை. ஆனால் அந்தக் ‘கஸ்ர்’ அரபு மண்ணில் முளைத்ததல்ல. லத்தீனின் ‘காஸ்ட்ரும்’ கிரேக்கத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. அதன் பன்மையான ‘காஸ்ட்ரா’, ரோமானியப் படைகளின் பாசறை: சுற்றிலும் அகழி, வெட்டிய மண்ணைக் குவித்து மேடு, மேட்டின்மேல் கூர்மரவேலி.

இங்கிலாந்தின் மான்செஸ்டர், லங்காஸ்டர் பெயர்களின் பின்பாதியும் இந்தக் ‘காஸ்ட்ரா’விலிருந்து வந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்தது எகிப்தின் லக்சர். அதன் அரபுப் பெயரான ‘அல் உக்சுர்’, ‘கஸ்ர்’ என்பதன் பன்மை. பழைய லக்சர் கோயிலையே வளைத்து ரோமானியர் அங்கே பாசறை கட்டியிருந்தார்கள்.